ஒரே தேர்வில் ஆசிரியரும் மாணவரும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி யார் என்று கேட்டால், தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஓரளவு ஈடுபாடுடைய எவரும் சி. வை. தாமோதரம் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிடுவர். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அப்பெரியாரின் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்துப் பட்டம் ஒரு அணிகலன் போலவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் அந்த முதல் தேர்வில் தேறியவர்கள் இருவர். மற்றவர் பெயர் கரோல் விசுவநாத பிள்ளை. அவரைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் அறிந்தது மிகக் குறைவு. அவர் தாமோதரம் பிள்ளையின் ஆசிரியர்.

இந்த ஒரு செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. 1857 செப்டம்பரில் சட்டம் இயற்றப்பட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1858-இல் அதன் முதற் பட்டதாரிகள் இருவர் வெளிவந்தனர். அப்போது தாமோதரம் பிள்ளைக்கு வயது 25. 1820-இல் யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் பிறந்த விசுவநாத பிள்ளைக்கு நாற்பதை எட்ட இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்தன. தாம் கணிதம் கற்பித்த மாணவனோடு, அதே வினாத்தாளுக்கு, அதே மணி அடிப்புக்குள் விடை எழுத அவர் வந்திருக்கிறார். அதில் மாணவரே முதலிடம் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. ஆசிரியருக்கு அது உவப்பாக இருந்ததா, உறுத்தலாக இருந்ததா என்று ஊகிப்பதில் நமக்கு விருப்பமில்லை. தமிழ்நாட்டில் பட்டப் படிப்பு என்ற ஒன்றின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே, வயது முதிர்ந்த ஒரு தேர்வர் அமர்ந்திருக்கிறார் என்பதுதான் நம் கவனத்துக்குரியது. வேலையும் குடும்பமும் வந்த பிறகு புத்தகத்தைத் தூக்குகிறவரை, ஏதோ காலம் தவறி ரயிலடிக்கு வந்தவரைப் போல இன்று நாம் பார்க்கிறோம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. முதல் வண்டியிலேயே அவருக்கு இடம் இருந்தது. பின்னால்தான் இறக்கிவிடப்பட்டார்.

இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் நிறுவிய அந்தக் கல்விச்சாலையில் வானியலும் உயர்கணிதமும் தருக்கமும் தமிழ் இலக்கணமும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு வைத்து எண்ணத்தக்கது என்று அதைப் பாராட்டியிருக்கிறார். கரோல் என்ற முன்பெயர்கூட அங்கே வந்ததுதான். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது அந்த மிஷனின் வழக்கம். விசுவநாத பிள்ளை அங்கேயே மாணவராக இருந்து, அங்கேயே கணித ஆசிரியராகி, தமிழில் இயற்கணித நூலும் செய்தவர். 'பீசகணிதம்' என்ற அந்நூல் 1855-இல் வெளிவந்தது. அதே 1855-இல் செமினரி மூடப்பட்டது.

ஆக, 1857-இல் அவர் கையில் இருந்தவை இவை: முப்பது ஆண்டுகளை ஒட்டிய படிப்பும் படிப்பித்தலும், தாமே எழுதிய ஒரு பாடநூல், மூடிய ஒரு கல்லூரியின் பெயர். இவற்றுள் எதுவும் அரசாங்கத்தின் பார்வையில் சான்று ஆகாது. சான்று வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். தாமோதரம் பிள்ளையோ பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை நடத்திக்கொண்டே தேர்வுக்குப் படிப்பது என்பது எத்தகைய பாடு என்பதைப் பத்திரிகை நடத்தியவர்கள் அறிவார்கள்.

இவர்களால் எப்படி நுழைய முடிந்தது? அன்றைய பல்கலைக்கழகம் இன்று நாம் நினைப்பது போன்ற இடம் அன்று. அது பாடம் நடத்தவில்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்றும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தவை. 1836-இல் தோன்றிய அந்த இலண்டன் பல்கலைக்கழகமே தேர்வு வைத்துப் பட்டம் தரும் ஒரு வாரியமாகத்தான் இருந்தது. எங்கே படித்தாய் என்பதைவிட என்ன எழுதுகிறாய் என்பதே அங்கே கேள்வி. 1858-இல் இலண்டன் ஒரு படி மேலே சென்று, கல்லூரி வருகையே தேவையில்லை, எவரும் எங்கிருந்தும் படித்துவிட்டு வந்து எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் பலர் ஊரில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ இருந்துகொண்டே இலண்டன் பட்டம் பெற்றது அந்த வழியில்தான்.

ஒப்பீட்டுக்காகக் கல்கத்தாவைப் பார்க்கலாம். அங்கும் 1858-இல் தேறியவர் இருவரே. ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர் 'வந்தே மாதரம்' பாடிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. இருவருக்கும் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்துபோய், கருணை மதிப்பெண் போட்டுத்தான் கரையேற்றினார்கள். பங்கிமுக்கு அப்போது இருபது வயது. இந்த நாட்டின் முதல் பட்டதாரிகளிலேயே கருணை மதிப்பெண் வாங்கியவர்கள் உண்டு என்பது, தேர்வில் தோற்று வருந்தும் நண்பர்களுக்கு நாம் அடிக்கடி சொல்லும் ஆறுதல்.

நிற்க. தாமோதரம் பிள்ளை அதோடு நிற்கவில்லை. அரசாங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1871-இல் பி.எல். தேறினார். வயது அப்போது 39-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வரவு செலவு எண்கள், இரவில் சட்டப் பிரிவுகள். இடையிலேயே 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரைப் பதிப்பிலும் அவர் கை இருந்தது. படித்த சட்டத்தை உடனே பயன்படுத்தினாரா என்றால் இல்லை. 1882-இல் ஓய்வு பெற்ற பிறகுதான் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தார். ஏடு தேடும் அலைச்சலுக்கும் அச்சுக்கூலிக்கும் சொந்தப் பணத்தைச் செலவிட்ட அந்தப் பத்தாண்டுகளில்தான் இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), இலக்கண விளக்கம், சூளாமணி (1889) எல்லாம் வருகின்றன. நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு கணக்கு உத்தியோகஸ்தர் எழுதிய சட்டத் தேர்வுக்குத் தமிழ் நூல்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கடன் உண்டு.

தாமோதரம் பிள்ளை பிறந்த அதே 1832-இல் பிறந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர். உயர்நீதிமன்றத்துக்குள் போனவர்கள் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பார்கள். சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்குக்கு உதவியாக இருந்தது, தெருவிளக்கில் படித்தது என்பனவெல்லாம் பள்ளிப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட கதைகள். எவரும் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. அவர் வக்கீல் தேர்வு எழுதித் தேறியவர். முன்சீபாகவும் துணை நீதிபதியாகவும் பல ஆண்டுகள் தீர்ப்பு எழுதியவர். 1868-இல் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வருகிறார். வந்த பிறகு, அந்தப் பதவியில் இருந்துகொண்டே, முப்பத்தாறு வயதைக் கடந்த நிலையில், பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்துக்குப் படித்துத் தேர்வு எழுதுகிறார். காலையில் குற்றவாளிக் கூண்டைப் பார்த்து உட்கார்ந்த மனிதர், தேர்வு நாளில் மேற்பார்வையாளரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தெருவிளக்குக் கதை நமக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அது சிறுவனின் கதை. பதவி பெற்ற பின்னும் மறுபடி மாணவனாவது நம் கதைகளுக்குள் அடங்குவதில்லை.

இனி மனப்பாடத்துக்கு வருவோம். வயது ஏற ஏற மனப்பாடம் ஏறாது என்பது நம் ஊரில் ஐயமின்றி நம்பப்படும் ஒன்று. 'ஐந்தில் வளையாதது' என்று தொடங்கிவிடுவார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் நம் பழைய கல்வி முறையிலேயே இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஐந்து வயதில் தொடங்கியது. சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல, எண்சுவடியும் ஆத்திசூடியும் சதகங்களும் பொருள் தெரிவதற்கு முன்பே நாவில் ஏறின. நிகண்டும் அப்படித்தான். மண்டல புருடர் சூடாமணி நிகண்டைப் பன்னிரண்டு தொகுதிகளாக, விருத்தப் பாவில் அமைத்தது வெறும் அழகுக்காக அன்று. எதுகை பிடித்தால் அடி வரும், அடி வந்தால் சொல் வரும், சொல் வந்தால் பொருள் வரும். அந்தாதி இன்னும் ஒரு படி மேலே. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நூற்பாக்களின் சுருக்கமும் இதே நோக்கம் உடையதுதான். நன்னூலின் 462 நூற்பாக்களையும் ஒப்பிக்கும் புலவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்வரை ஊருக்கு ஒருவராவது இருந்தனர்.

ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களைத் திணற அடித்தது பாட்டு அன்று, உரைநடை. உரையாசிரியர்களின் நீண்ட தடைவிடைகளில் எதுகை இல்லை, மோனை இல்லை. சேனாவரையர் யாரை மறுக்கிறார், எதற்காக மறுக்கிறார் என்பது விளங்காமல் அவரை மனத்தில் வைக்க முடியாது. இங்கேதான் சிறுவனின் மனப்பாடமும் பெரியவரின் மனப்பாடமும் பிரிகின்றன. சிறுவன் ஒலியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறான். பெரியவர் பொருளைப் பற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்தக் கிளை உயரத்தில் இருக்கிறது, ஆனால் உறுதியானது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இது பற்றி வியக்கத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான் என்கிறார் பவணந்தியார். உடன் கற்பாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் வருகிறதாம். ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை குறையும் என்றும் சொல்கிறார். இந்தக் கணக்கின்படி பார்த்தால், 1858-இல் தேர்வு எழுத வந்த விசுவநாத பிள்ளை பின்தங்கிய மாணவர் அல்லர். அரைப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்.

மேலைநாட்டு ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், முப்பதை ஒட்டிய வயதில், பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து 1885-இல் நூலாக எழுதினார். மறதி முதல் நாளிலேயே மிகுதியாக நிகழ்ந்துவிடுகிறது, பிறகு மெல்லத்தான் தேய்கிறது என்பது அவர் கண்டது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர் வேறொன்றைக் காட்டினர். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடிவிட்டுத் தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். நம் திண்ணைப் பள்ளி வாத்தியார் முறை சொல்லச் சொன்னதும், தப்பினால் காதைத் திருகியதும் இதற்காகத்தான் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். காதைத் திருகியதை ஆய்வு ஆதரிக்கவில்லை.

இலண்டன் நகரத்து டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஒரு தேர்வு எழுத வேண்டும். சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் சுமார் 25,000 தெருக்கள் அவர்களுக்கு மனத்தில் இருக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றிப் படிக்கிறார்கள். படிக்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். பிழைப்புக்காக வந்த பெரியவர்கள். 2011-இல் வூலட், மக்வயர் என்னும் ஆய்வாளர்கள் இவர்களின் மூளையைப் படிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் படம் பிடித்துப் பார்த்தபோது, தேறியவர்களுக்கு மட்டும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. படித்தும் தேறாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. வளைந்த முதுகுக்கும் ஐந்தில் வளையாத பழமொழிக்கும் இடையே இந்தச் செய்தியைச் சற்று வைத்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பட்டப் படிப்பு என்பது கல்லூரி வகுப்பறையோடும் வயதோடும் இறுகப் பிணைந்துவிட்டது. ஊரில் இருந்து தமிழ் கற்றவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறைமலையடிகள் 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பையே இடையில் விட்டவர். நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றவர். பட்டமில்லாத அவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களுக்கு 1911 வரை பாடம் சொன்னார். பிறகு பட்டப் படிப்பில் தமிழ் விருப்பப் பாடமாகச் சுருங்கியபோது வேலையை விட்டுப் பல்லாவரத்துக்குப் போய்விட்டார். அந்தக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. இடையில் இருக்கும் தூரம் இரண்டு ரயில் நிலையம்தான்.

பட்டமில்லாத புலமைக்கு ஒரு சான்று வேண்டும் என்ற தேவையை உணர்ந்து செயல்பட்டவர் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் அவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் தேர்வு நடத்தியது. தஞ்சைப் பக்கத்து நடுக்காவேரியில் வயல் வேலை பார்த்துக்கொண்டு, முறையாக ஓர் ஆசிரியரிடம் பாடம் கேளாமல், நூல்களைத் தாமே கற்ற ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1905, 1906, 1907 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்றையும் எழுதி முடித்தார். மூன்றிலும் முதன்மை. சங்கம் தங்கத் தோடா அணிவித்தது. உழவர் ஒருவர் கல்லூரிப் பேராசிரியராவதற்கு அந்தத் தோடாவும் சான்றிதழும் வழி செய்தன.

அடுத்து வந்தது பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வு. பின்னாளில் புலவர் பட்டயம் என்று பெயர் மாறியது. முன்னிலை, இறுதிநிலை என்று இரண்டு. இதைத் தனியே படித்து எழுதலாம் என்பதுதான் அதன் உயிர். தொடக்கப் பள்ளி ஆசிரியர், தாலுகா அலுவலக எழுத்தர், மடத்து ஓதுவார், அச்சகத்தில் பிழை திருத்துபவர் எனப் பலதரப்பட்டவர்களுக்கு அது ஏணியாயிற்று. மாநிலத்தில் முதலாவதாகத் தேறுபவருக்குத் திருப்பனந்தாள் காசி மடம் ஆயிரம் ரூபாய்ப் பரிசு அளித்தது. அன்றைய ஆயிரம் ரூபாய் ஒரு தமிழாசிரியரின் பல ஆண்டுச் சேமிப்புக்கு ஈடு. 1933-இல் கி. வா. ஜகந்நாதன் அதைப் பெற்றார். 1935-இல் மு. வரதராசன். மு.வ. திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்து, உடல்நலம் கெட்டு, வேலையை விட்டுத் தமிழ் படித்தவர். அவருடைய பி.ஓ.எல். பட்டமும் (1939) பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு தனியே எழுதியதே. 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் பட்டம் அவருடையது. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர். கல்லூரி வகுப்பறையில் மாணவராக உட்காராமலே பட்டம் பெற்ற ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக வந்து அமர்ந்தார்.

இவையெல்லாம் ஆண்களின் கதை. பெண்களுக்கு வயது என்பது இன்னும் கொடிய பூட்டு. பள்ளி செல்லும் பருவத்தில் திருமணம், சிலருக்கு அதே பருவத்தில் கைம்மை. சகோதரி சுப்புலட்சுமி தாமே இளம் வயதில் கணவனை இழந்தவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அறியப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் படித்தார்கள். வயது கடந்துவிட்ட பெண்களுக்கென்று பின்னர் சாரதா வித்யாலயம் தனியே தோன்றியது.

இன்னொருவர் துர்காபாய். 1909-இல் பிறந்து, எட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டு, அந்த மணத்தை ஏற்க மறுத்து வெளிவந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கி 1933 வரை சிறைவாசம். வெளியே வந்த பிறகுதான் படிப்பு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியே எழுதித் தேறினார். பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல், 1942-இல் சென்னையில் சட்டம். அவர் தாம் ஏறிய ஏணியை இழுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நம் மதிப்பில் அவருடைய பெருமை. 1937-இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆந்திர மகிள சபையில், படிப்பை விட்ட பெண்களைச் சேர்த்து அதே காசி மெட்ரிகுலேஷனுக்குப் பயிற்சி அளித்தார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகி, 1953-இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரான பின், 1958-இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை நாடு முழுதும் கொண்டுவந்தார். பல வகுப்புகளின் பாடத்தை இரண்டே ஆண்டில் படித்துப் பொதுத்தேர்வு எழுதுவது அதன் ஏற்பாடு. செவிலியராகவும் ஆசிரியையாகவும் கிராம சேவிகையாகவும் எத்தனையோ பெண்கள் அந்த வழியே வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் பல ஆண்டுகளில் சொல்வதை இரண்டு ஆண்டில் சொல்ல முடியும் என்று அது நிரூபித்தது. பள்ளிக்கூடங்கள் இதைப் பெரிதுபடுத்திப் பேசுவதில்லை.

பிறகு அஞ்சல்வழிக் கல்வி வந்தது. 1962-இல் தில்லி தொடங்கியதை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 1979-இல் அண்ணாமலை, 1981-இல் சென்னை, 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியே தாம்பரம் செல்லும் பேருந்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இதன் விளைவை நேரில் காணலாம். கையில் ஜெராக்ஸ் தாள், தாளின் ஓரத்தில் பேனாக் குறிப்பு, உதடு அசைகிறது, கண் சன்னலுக்கு வெளியே. நேர்முக வகுப்புக்குப் போகிறவர்கள். முன்னால் இருக்கும் இருக்கையின் கம்பியே அவர்களுக்குச் சட்டாம்பிள்ளை. தாம்பரம் வருவதற்குள் ஓர் அலகு முடிந்துவிட வேண்டும். கோவளத்து மீன்பிடி குப்பத்திலிருந்து பத்தாம் வகுப்புக்குப் பின் கடலுக்கோ கட்டட வேலைக்கோ போனவருக்கு, பள்ளி இறுதி இல்லாமலே திறந்தநிலையில் பட்டம் படிக்கலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய வாசல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வாசல் 2009-இல் பாதி சாத்தப்பட்டது. அடிப்படைக் கல்வித் தகுதியின்றித் திறந்தநிலையில் பெற்ற பட்டம் வேலைக்கான தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் பணியாளர் துறை அரசாணை 107, பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் முடித்த பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்றது. நீதிமன்றத்தின் கவலை தகுதி குறித்தது. அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அஞ்சல்வழிப் பட்டங்கள் சில இடங்களில் வணிகமாகிப் போனதும் உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுள் நாற்பது வயதில் இரவெல்லாம் கண்விழித்து, பொருள் புரிந்து, மனத்தில் நிறுத்தி, மேற்பார்வையாளர் முன் அமர்ந்து தேர்வு எழுதித் தேறியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது என்ன எழுதினாய் என்பதன்று, எந்த வரிசையில் எழுதினாய் என்பது. சிலர் மறுபடி தனித்தேர்வராக விண்ணப்பித்து மேல்நிலைத் தேர்வை எழுதித் தேறினார்கள். அப்போதும் பயனில்லை. மேல்நிலை முன்னால் வந்திருக்க வேண்டும், பட்டம் பின்னால் வந்திருக்க வேண்டும்.

முத்துசாமி ஐயர் முதலில் நீதிபதியானார், பிறகு சட்டப் பட்டம் வாங்கினார்.